மச்சம் யாருக்காக? மறுபிறவிக் கதைகளின் அடையாளங்கள் பற்றி ஒரு விவாத இழை

ஜனவரி 9

வாசகர் ஒருவர் கேட்டது: "மறுபிறவி வரும் எந்த நாவலை எடுத்தாலும் கடைசியில் ஒரு மச்சமோ தழும்போ வந்து நிற்கிறது. திருவிழாவில் தொலைந்த தம்பியைக் கையில் குத்திய பச்சையை வைத்துக் கண்டுபிடிக்கும் பழைய படங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சமகால உலக இலக்கியம் என்று மரியாதை கொடுத்துப் படிக்கிறோம். அங்கேயும் மச்சம்தானா?"

ஜனவரி 9, இரவு

எரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்த மச்சம் யாருக்கு வேலை செய்கிறது என்று பாருங்கள். மறுபடி பிறந்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விலாவுக்குப் பின்னால் இருப்பதை அவனால் ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியாது. சாகாமல் மிச்சமிருக்கும் இன்னொருவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

ஜப்பானிய எழுத்தாளர் யுகியோ மிஷிமாவின் 'வளமைக் கடல்' நாவல் வரிசையை எடுத்துக்கொள்கிறேன். முதல் பாகமான 'ஸ்ப்ரிங் ஸ்நோ'வில் கியோஆகி 20 வயதில் இறந்துபோகிறான். உடம்பின் இடப்பக்கத்தில் மூன்று சிறிய மச்சங்கள். மறுபடி சந்திப்போம், அருவிக்குக் கீழே, என்று நண்பன் ஹோண்டாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்த பாகத்தில் ஹோண்டா 38 வயது நீதிபதி. அருவியில் குளிக்கும் இசாவோ என்ற இளைஞனின் உடம்பில் அதே மூன்று மச்சங்களைப் பார்க்கிறான். மூன்றாம் பாகத்தில் யிங் சான் என்ற தாய்லாந்து இளவரசி. நான்காம் பாகத்தில் தோரு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைத் தொலைநோக்கியில் பார்த்துத் தகவல் சொல்லும் பையன். இவர்கள் வந்து வந்து போக, ஹோண்டா மட்டும் கிழவனாகிக்கொண்டே இருக்கிறான். மச்சம் அவன் கையில் இருக்கும் கணக்குப் புத்தகம். கடன்காரர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது.

மூன்றாம் பாகத்தில் இதை மிஷிமா வெளிப்படையாகவே செய்கிறார். யிங் சான் குழந்தையாக இருக்கும்போது, நான் ஜப்பானில் பிறந்தவள், என்னை அங்கே கூட்டிப்போ என்று ஹோண்டாவிடம் அழுகிறாள். முற்பிறவி ஞாபகம் அவளுக்கு இருக்கிறது. ஆனால் அவள் குளிக்கும்போது ஹோண்டா பார்க்கிறான், மச்சம் இல்லை. வளர்ந்து ஜப்பானுக்கு வருகிறாள், எல்லாம் மறந்துவிட்டது. அப்போது மச்சம் இருக்கிறது. அதையும் ஹோண்டா எப்படிப் பார்க்கிறான் என்றால், தன் பங்களாவின் புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஓட்டை வைத்து, விருந்தாளி அறையை எட்டிப் பார்த்து. ஞாபகம் இருந்தவரை மச்சம் இல்லை, ஞாபகம் போனதும் மச்சம். இதைத் தொலைந்த தம்பி படத்தோடு எப்படிச் சேர்ப்பது?

ஜனவரி 10

மிஷிமா சமகாலமா என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1970 நவம்பர் 25 அன்று கடைசிப் பாகத்தின் கடைசித் தவணையை ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டு, ராணுவ முகாமுக்குப் போய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தவர். அவரைச் சமகாலம் என்றால் என் வயது வெளியே தெரிந்துவிடும். சரி, 2000-க்குப் பிறகு வந்தவற்றுக்கு வருகிறேன்.

ஜனவரி 12

டேவிட் மிட்செலின் 'கிளவுட் அட்லஸ்', 2004. ஆறு கதைகள். முதல் ஐந்தும் பாதியில் அறுந்துபோகும், ஆறாவது மட்டும் முழுதாக ஓடும், பிறகு அறுந்தவை பின்னோக்கிய வரிசையில் ஒவ்வொன்றாக முடியும். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வரும் முக்கியப் பாத்திரங்களுக்கு வால்நட்சத்திர வடிவில் ஒரு மச்சம்.

வாசகரின் எரிச்சலை மிட்செல் நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். கேவண்டிஷ் ஒரு கிழட்டுப் பதிப்பாளர். அவருக்கு வந்த ஒரு துப்பறியும் கதையின் கையெழுத்துப் பிரதியில், நாயகி லூயிசா ரேயின் மச்சத்தை வைத்து மறுபிறவி என்று கோடி காட்டப்படுகிறது. இது ஹிப்பிச் சரக்கு, வெட்ட வேண்டும் என்று நினைக்கிறார். எனக்கும்தான் ஒரு மச்சம் இருக்கிறது, யாரும் அதை வால்நட்சத்திரம் என்று சொன்னதில்லை என்று முனகுகிறார். சிரித்துக்கொண்டே படித்தேன். அப்புறம்தான் உறைத்தது: அவர் மச்சத்தை யாராவது அன்போடு பார்த்திருந்தால் அதுவும் வால்நட்சத்திரமாகியிருக்கும்.

நாட்காட்டியை வைத்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. லூயிசாவின் கதை 1975-இல் நடக்கிறது. கேவண்டிஷ் நம் காலத்தில் அறுபதைக் கடந்தவர். அவள் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் எங்கோ நடமாடிக்கொண்டிருந்தார். ஒரே உயிர் இரண்டு உடம்பில் ஒரே நேரத்தில் எப்படி? போதாக்குறைக்கு லூயிசா அந்த நாவலுக்குள் ஒரு கற்பனைப் பாத்திரமாகவும் இருக்கலாம். மிட்செலுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஒரே ஆன்மா என்று பேட்டியில் அவர் சொல்லியிருந்தாலும், நாவல் அதை நிரூபிக்க மெனக்கெடவில்லை.

உண்மையில் கைமாறுவது வேறு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கிறார். யூயிங்கின் கடல் பயண நாட்குறிப்பை இசைக்கலைஞன் ஃப்ரோபிஷர் படிக்கிறான். அவன் கடிதங்களை லூயிசா படிக்கிறாள். அவள் கதையைக் கேவண்டிஷ். கேவண்டிஷின் கதை படமாகி, அதை எதிர்காலத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட சோன்மி என்ற பெண் பார்க்கிறாள். சோன்மியை எதிர்கால மலைவாசிகள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். மறுபடி மறுபடி பிறப்பது பிரதிதான் என்று நான் படித்தேன். மச்சம் வெறும் முத்திரை.

2012-இல் வந்த படம் வேறு வழி பிடித்தது. ஒரே நடிகர்கள் ஆறு காலத்திலும் வேஷம் மாற்றி வருகிறார்கள். முகமே அடையாளமாகிவிட்ட பிறகு மச்சம் எதற்கு என்று தெரியவில்லை, ஆனாலும் வைத்திருக்கிறார்கள். ஒப்பனைக் கோளாறுகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஜனவரி 15

மச்சத்தை வைத்து விளையாடியவர்களில் மோ யானுக்குத்தான் என் ஓட்டு. 'லைஃப் அண்ட் டெத் ஆர் வேரிங் மீ அவுட்', 2006. நிலச் சீர்திருத்தக் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஷிமென் நாவ் என்ற நிலக்கிழாரை எமலோகத்தில் எண்ணெயில் பொரிக்கிறார்கள். பொரிந்த பிறகும், நான் தப்பு செய்யவில்லை என்று கத்துகிறான். தொல்லை தாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள், கழுதையாக. கதை தொடங்குவது 1950 ஜனவரி 1. அப்புறம் காளை, பன்றி, நாய், குரங்கு, கடைசியில் பெரிய தலையோடு ஒரு குழந்தை. ஐம்பது வருடச் சீன வரலாறும் தொழுவத்திலிருந்து தெரிகிறது.

சீன நம்பிக்கையில், திரும்பப் பிறக்கும் முன் மெங் பாட்டியின் மறதிக் கஷாயத்தைக் குடிக்க வேண்டும். ஷிமென் நாவ் மறுத்துவிடுகிறான். தன் ஆத்திரத்தை மறந்துவிட்டு ஊருக்குப் போய் என்ன பயன் என்பது அவன் வாதம். ஆக அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கழுதைக்கு மச்சமும் இல்லை, தேவையும் இல்லை.

ஆனால் நாவலில் ஒரு பெரிய மச்சம் இருக்கிறது! ஷிமென் நாவின் பழைய பண்ணையாள் லான் லியென் முகத்தில், பாதிக்கு நீலமாக. அது அவன் மகனுக்கு வருகிறது, பேரனுக்கும் வருகிறது. மச்சம் ரத்தத்தின் வழியாகப் போகிறது, ஞாபகம் மட்டும் பிறவி வழியாகப் போகிறது. மிஷிமா ஒன்றாக முடிச்சுப் போட்டதை இவர் இரண்டாக அவிழ்த்துவிட்டார். ஊரே கம்யூனில் சேர்ந்த பிறகும் ஒற்றை ஆளாகத் தனிவிவசாயம் செய்வேன் என்று நிற்பவன் அந்த நீல முகத்துக்காரன்தான். அடையாளம் வேண்டியது செத்துச் செத்துப் பிறப்பவனுக்கா, ஒரே பிறவியில் நகராமல் நிற்பவனுக்கா என்று மோ யான் கேட்பதாக எனக்குப் படுகிறது. முதல் குறிப்பில் நான் சொன்னதை இது கொஞ்சம் ஆட்டிவிடுகிறது. இருக்கட்டும்.

ஜனவரி 16

மோ யான் நாவலில் எந்தப் பகுதிகள் நன்றாக இருக்கும் என்று கேட்டவருக்கு: கழுதைப் பகுதியும் பன்றிப் பகுதியும்தான் பிரமாதம். குரங்கு வரும்போது ஆசிரியருக்கே களைப்பு வந்துவிட்டது.

ஜனவரி 18

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. தாத்தா இறந்த அடுத்த வருஷம் பெரியம்மாவுக்குப் பையன் பிறந்தான். காதுமடலுக்குப் பின்னால் மச்சம், தாத்தாவுக்கு இருந்த அதே இடம். ஆச்சிக்கு அது போதும். பையனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். வைத்த பிறகு ஆச்சியால் அவனைக் கூப்பிட முடியவில்லை, புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதே. சாகும்வரை அவனை "ஐயா" என்றுதான் கூப்பிட்டாள். முறுக்கு டப்பா அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், எங்கள் கைக்கு எட்டாது. பயல் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான். ஆச்சி முன்னால் மட்டும் தாத்தா மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு நடப்பான்.

இதில் நான் வெகுநாள் கழித்துக் கவனித்த விஷயம் வேறு. சித்தப்பா மகள் ஒருத்திக்கும் அதே காதுக்குப் பின்னால் மச்சம் உண்டு, இவனுடையதைவிடப் பெரியது. அவளும் தாத்தா போன பிறகு பிறந்தவள்தான். அவள் காதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. தாத்தா பொம்பளைப் பிள்ளையாக வந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஹோண்டா எங்கள் ஆச்சியைவிடப் பரந்த மனசுக்காரன்.

ஜனவரி 19

"அறிவியல் ஆதாரம் உண்டு, ஸ்டீவன்சனைப் படியுங்கள்" என்று ஒருவர் விடாமல் எழுதுகிறார். படித்திருக்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருந்த மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன், முற்பிறவி பேசும் குழந்தைகளைத் தேடி இந்தியா, இலங்கை, லெபனான், பர்மா என்று பல இடங்களுக்கு அலைந்தவர். 1997-இல் பிறவி மச்சங்களைப் பற்றி மட்டும் இரண்டு பெரிய தொகுதிகள் போட்டார். இறந்தவரின் காயம் இருந்த இடத்தில் குழந்தைக்கு மச்சம் என்பது அவர் வாதம். குடும்பங்கள் ஒன்றையொன்று சந்தித்துப் பேசிய பிறகு ஞாபகங்கள் கலந்துவிடும் என்று எதிர்த்தவர்களும் நிறையப் பேர். அது உண்மையா என்பதில் எனக்கு ஆர்வம் குறைவு.

அவர் பதிவு செய்த ஒரு வழக்கம்தான் எனக்கு முக்கியம். பர்மா, தாய்லாந்துப் பக்கம் சில குடும்பங்களில், இறந்தவர் உடம்பில் அடுப்புக்கரியாலோ வேறு பொருளாலோ ஒரு குறி வைப்பார்கள். பிறகு பிறக்கும் குழந்தைக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறி வைப்பவர் பிரிய மனமில்லாமல் பின்னால் நிற்பவர். போகிறவர் எதுவும் செய்யவில்லை. முதல் நாள் நான் வளவளவென்று எழுதியதைக் கரிபிடித்த ஒரு விரல் சொல்லிவிடுகிறது. இதை வைத்து யாராவது சிறுகதை எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

ஜனவரி 22

"நம்மிடம் இல்லையா?" என்ற கேள்வி எப்படியும் வரும் என்று தெரியும், வந்துவிட்டது. மணிமேகலையில் இருப்பதை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை என்பது என் கட்சி.

மணிபல்லவத் தீவில் புத்தபீடிகையைத் தொழுததும் மணிமேகலைக்கு முற்பிறவி தெரிகிறது. உடம்பில் குறி கிடையாது. அடையாளம் ஓர் இடத்தில் கிடக்கிறது, நாம்தான் அங்கே போக வேண்டும். அவள் கணவனாக இருந்த இராகுலன் பாம்பின் விஷத்தால் இறந்தவன், இப்போது உதயகுமரனாகப் பிறந்து அவள் பின்னாலேயே அலைகிறான். அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அரசகுமாரனின் காமம் என்று ஊர் பேசுவதற்குள் பழைய தாம்பத்தியம் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கு மட்டும் கேட்கிறது. அவன் வெட்டுப்பட்டுச் சாகும்போது அவள் அழுவதும் அதனால்தான்.

அதைவிடப் பெரிது ஆபுத்திரன் கதை. அட்சய பாத்திரத்தோடு மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டு, ஊட்டுவதற்கு ஆளில்லாமல் உண்ணாநோன்பு இருந்து இறந்தவன் அவன். சாவக நாட்டில் பசுவின் வயிற்றில் பிறந்து, புண்ணியராசன் என்ற பெயரில் அரசனாகிறான். மணிமேகலை சொல்லித் திரும்ப அந்தத் தீவுக்கு வருகிறான். புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டினால் அவனுடைய பழைய எலும்புக்கூடு கிடக்கிறது. தன் எலும்பைத் தானே பார்க்கிறான்! மூன்று மச்சமும் வால்நட்சத்திரமும் இதன் பக்கத்தில் எம்மாத்திரம்? இங்கே சாட்சி சொல்ல ஹோண்டா தேவையில்லை. பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் ஒரே ஆள். இந்தக் காட்சியை எடுத்து இன்றைய நாவல் எதுவும் செய்ததாக என் கண்ணில் படவில்லை. கேட் அட்கின்சனின் 'லைஃப் ஆஃப்டர் லைஃப்' என்பீர்கள். அதில் அர்சுலா 1910 பிப்ரவரி 11 பனி இரவுக்கே மறுபடி மறுபடி திரும்புகிறாள். அது பிழை திருத்தம், மறுபிறவி ஆகாது. நல்ல நாவல், இந்த இழைக்குள் வராது.

ஜனவரி 23

படங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'நெஞ்சம் மறப்பதில்லை'யை விட்டுவிட்டாயே என்று மூன்று பேர் திட்டுகிறார்கள். ஸ்ரீதர், 1963. அதில் பாழடைந்த வீடும் குரலும்தான் ஞாபகத்தைக் கிளப்புகின்றன. ஆனால் கவனியுங்கள், நம்பியார் செத்துப்போகவில்லை. போன பிறவியில் காதலர்களைப் பிரித்த ஜமீன்தார், தொண்டு கிழமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அடையாளம் கண்டுகொள்ள ஒரு ஹோண்டா வேண்டுமே. இந்தியில் 1980-இல் வந்த 'கர்ஸ்' படமும் (தமிழில் 'எனக்குள் ஒருவன்') இப்படித்தான். கிடாரில் ஒரு மெட்டை வாசிக்கும்போது நாயகனுக்கு முற்பிறவி ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த மெட்டு முழுசாக வேலை செய்வது, முற்பிறவியில் அவனைக் கொன்றவள் காதில் அது விழும்போது. பிறந்தவனுக்கு அது நினைவு, கொன்றவளுக்குத் தண்டனை. வணிகப் படங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன.

ஜனவரி 25

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி இயர்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் சால்ட்', 2002. பதினான்காம் நூற்றாண்டு பிளேக்கில் ஐரோப்பா கிட்டத்தட்ட முழுதாக அழிந்துபோயிருந்தால் என்ற கற்பனை. பத்துப் பகுதிகள், நூற்றாண்டுகள் தாண்டித் தாண்டி ஒரே கூட்டம் பிறக்கிறது. இங்கே அடையாளம் பெயரின் முதல் எழுத்து. ஆங்கிலத்தில் பி, கே, ஐ என்று தொடங்கும் பெயர்கள். பி என்றால் சாது, கே என்றால் கோபக்காரர், ஐ என்றால் கேள்வி கேட்பவர். ஒரு தடவை கே புலியாகக்கூட வருகிறது. பூமியில் இருக்கும்போது அவர்களுக்கு இது தெரியாது, நாம்தான் எழுத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நடுவில் எனக்கு அலுத்துவிட்டது. குறுக்கெழுத்துப் புதிர் போட எனக்குப் பிடிக்காது என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 28

"தோரு அசலா போலியா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரு வார்த்தையில் முடியாது. மச்சத்தைப் பார்த்ததும் ஹோண்டா அவனைத் தத்தெடுக்கிறான். மற்றவர்கள் 20 வயதில் இறந்தார்கள், இவனும் இறந்தால் அசல். யிங் சான் இறந்த சரியான தேதி ஹோண்டாவுக்குக் கிடைக்காததால் தோருவின் பிறந்த தேதியை வைத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. ஆக, ஒரு கிழவன் தன் வளர்ப்பு மகன் சாவானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். மச்சம் எவ்வளவு கொடுமையான பொருள் என்பது இந்தப் பாகத்தில்தான் தெரிகிறது. விஷயம் தெரிந்ததும் தோரு, கியோஆகியின் கனவுக் குறிப்பேட்டை வாங்கிப் படித்து எரித்துவிட்டு விஷத்தைக் குடிக்கிறான். சாகவில்லை, கண் போய்விடுகிறது. 20 தாண்டிவிடுகிறது. போலி என்று கோப்பை மூடலாம்.

ஆனால் மிஷிமா மூடவிடவில்லை. பௌத்த மரபில் தேவர்களுக்கு முடிவு நெருங்கும்போது ஐந்து அறிகுறிகள் உண்டு. சூடிய பூ வாடும், அக்குளில் வியர்க்கும், உடை அழுக்காகும், இருக்கும் இடம் பிடிக்காமல் போகும், இப்படி. நளவெண்பா படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தமயந்தி சுயம்வரத்தில் மாலை வாடுவதை வைத்தும் கண் இமைப்பதை வைத்தும்தான் நளனைத் தேவர்களிடமிருந்து பிரித்து எடுக்கிறாள். அங்கே வாடிய பூ மனிதன் என்பதற்குச் சான்று. கண்ணிழந்த தோரு குளிக்காமல், அழுக்கு உடையில், தலையில் வாடிய பூவோடு உட்கார்ந்திருக்கிறான். இவன் வெறும் மனிதனா, வீழும் தேவனா? இரண்டுக்கும் அடையாளம் ஒன்றேதான்.

முதல் தடவை நான் படித்த பிரதி ஒரு வாடகை நூலகத்தில் எடுத்தது. கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. பாதி நாட்குறிப்பை வைத்துக்கொண்டு மீதியைத் தேடும் ஃப்ரோபிஷர் மாதிரி ஆனது என் நிலைமை. வேறு பிரதி கிடைத்தபோதுதான் அந்த மடத்துக் காட்சியைப் படித்தேன். 81 வயது ஹோண்டா, கியோஆகியின் காதலி சதோகோவைத் தேடிப் போகிறான். துறவியாகி இப்போது அவள் மடத்தின் தலைவி. அவள் அமைதியாகக் கேட்கிறாள், யார் அந்தக் கியோஆகி? அப்படி ஒரு பெயரை நான் கேட்டதே இல்லையே.

ஞானத்தின் குரல் என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த உடம்பை ஹோண்டாவைவிட நெருக்கத்தில் பார்த்தவள் அவள். மச்சங்களைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதி உள்ள ஒரே ஆள். சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறாள். மறந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை, மறுக்கிறாள். கணக்குப் புத்தகத்தோடு வாசலில் நிற்பவனிடம் வேறு என்ன சொல்வது?

ஜனவரி 30

மூன்றாம் பாகத்தின் காசி அத்தியாயத்தையும் அதற்குப் பின்னால் வரும் ஆலய விஞ்ஞான (வினைகளின் விதைகளைச் சேர்த்துவைக்கும் அடிமனம் பற்றிய பௌத்தக் கோட்பாடு) விளக்கங்களையும் தாண்ட முடியவில்லை, தள்ளிவிட்டுப் படிக்கலாமா என்று கேட்டவருக்கு: காசியைத் தள்ளாதீர்கள், மணிகர்ணிகைப் படித்துறை வர்ணனைக்காகவே படிக்க வேண்டும். விளக்கங்களை முதல் தடவை நானும் தள்ளித்தான் படித்தேன். இரண்டாம் தடவை ஒரு பேனாவும் காபியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பாதி புரிந்தது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையையும் அடுத்து வரும் தர்க்கத்தையும் பரீட்சைக்காகப் படித்துத் தப்பித்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய மலை இல்லை.